மாமரத்தின் பட்ட கொப்பு

திருகோணமலை, 12.06.2025

1. 02.06.2025: என்னைக் கேளாமலே நம் வீட்டு மாமரத்தின் பட்டுப்போன கொப்பைத் தறிக்க ஆள் பேசினீர்.
2. 08.06.2025: தொலைபேசியில் நான் மறுத்தபோது, "பட்ட கொப்பில என்னப்பா இருக்கு? கார் மேல விழுந்தா நீங்களோ வந்து பார்க்கிறது?" என்று சிரித்தீர்.

அன்புள்ள அருள்மலர், முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம், கடலோரக் கண்டல் காட்டுச் சேற்றில் ஒரு செருப்பை மட்டும் இழந்தேன்.

இங்குள்ள வனப் பூங்காவில் பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். கண்டலில் இருபத்தாறு இனங்கள், பற்றைக்காட்டில் முப்பத்தொன்று, பெருங்காட்டில் நாற்பது. குக்குறுவான் என்ற பச்சைக் குருவி பெருங்காட்டில் மட்டுமே இருந்தது. ஏனென்று தேடினேன். அது பட்ட கொப்பில்தான் பொந்து குடைகிறது. மற்ற இரண்டிடத்திலும் அத்தகைய கொப்புகள் இல்லை.

நம் கொப்பிலும் ஒரு பொந்து உண்டு. அதற்குள் என்ன வசிக்கிறது? காலையில் குரல் கேட்கிறதா? இங்கே என்னோடு காலையில் கதைப்பது குக்குறுவான் மட்டுமே.

அது தெரியும்வரை கொப்பைத் தறிக்க வேண்டாம், கார் வீதியில் நிற்கட்டும். 20.06.2025க்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசியை ஏற்கமாட்டேன். கடிதம் நீளமாக இருக்கலாம்.

யூஜின்