துவைக்காமல் வைத்த நைட்டி

அன்புள்ள கப்பல்காரனுக்கு, அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, கடலும் நீயும் சண்டை இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று இன்றைக்கு எழுதலாம். போன வாரம் எழுத உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தைக்கு என் கை வந்திருக்காது. அப்பா உன்னிடம் போனில் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். சின்ன ஆபரேஷன்தான், குடல்வால், எடுத்தாச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, நீ வேலையப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, வீடே பற்றி எரிந்தாலும் கொஞ்சம் புகையா இருக்கு என்பார். எனக்கு அப்படி ஒரு வரியில் முடிக்கத் தெரியாது. கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் கிடைக்கும் என்றார்கள், அதனால் முழுசாக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பெண்டாட்டி பிழைத்துவிட்டாள், பயப்படாமல் படி.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே வயிற்றைப் பிடித்தாள். தொப்புளைச் சுற்றி வலிக்குது அத்தை என்றாள். எட்டாம் மாதம் பாதி தாண்டிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும், வாயுவாக இருக்கும், வெந்நீர் குடி என்றேன். மாடிவீட்டு டீச்சர் மூன்று பெற்றவர் என்ற உரிமையோடு இறங்கி வந்து, இது சூட்டு வலி, எனக்கு மூணு தடவையும் வந்துச்சு, படுத்தா போயிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அப்பா லிஃப்ட் வேலை முடித்து வந்து, கையில் இருக்கிற கிரீஸைக்கூடத் துடைக்காமல், முதலாளி என்ன சொல்றாரு என்று கேட்டார். வயிற்றில் இருப்பவருக்கு அவர் வைத்த பேர் அதுதானே. முதலாளி நல்லா உதைக்கிறாரு மாமா என்றாள். அவ்வளவுதான், அவர் முகம் மலர்ந்துவிட்டது, எனக்கும் பாதி பயம் போய்விட்டது. அவள் சாப்பிடாமல் தட்டை ஒதுக்கி வைத்ததை இரண்டு பேருமே பார்த்தோம், பார்த்தும் பார்க்கவில்லை.

மறுநாளும் வலி விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றில் ஒரு பெல்ட்டைக் கட்டி, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைத்தார்கள், கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை நல்லா இருக்கு, பிரசவ வலி இல்ல, ஆனா வலி கூடினாலோ வாந்தி காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துடணும் என்று அந்த டாக்டர் அம்மா நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல என் நாக்கு வராது. பிள்ளை நல்லா இருக்கு என்பதோடு எங்கள் காது அடைத்துக்கொண்டது, அது எங்கள் தலையெழுத்து. வழியெல்லாம் நான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தேன், அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். அவள் வேலை உனக்குத் தெரியும், யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் துணி வெட்டுகிறவள். லீவு போட்டு வீட்டில் இருந்தாலும் குறிபோடுகிற சாக்பீஸ் நைட்டிப் பையைவிட்டுப் போவதில்லை, முதலாளிக்குச் சட்டை வெட்டுகிறேன் என்று மேசையெல்லாம் கோடு. என் பிழைப்பு லாண்டரி. ஒரு துணியில் கறையைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வலி தொடங்கிய அன்று அவள் கழற்றிப் போட்ட கருநீல நைட்டியில், வயிற்றுக்கு நடுவில், வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. வீட்டுக்கு வந்தும் அந்த வெட்டுற மேசைய விட மாட்டியா என்று முணுமுணுத்துக்கொண்டே துவைத்துக் காயப்போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் பார்த்தால் மெரூன் நைட்டியில் அதே குறி, இப்போது வலது பக்கம். அதையும் பளிச்சென்று துவைத்துவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வலிக்குது அத்தை என்று அவள் சொல்லாமல் இல்லையடா, ஒவ்வொரு தடவையும் பிள்ளை உதைக்குதா என்று நான் திருப்பிக் கேட்டேன். உதைக்குது என்பாள், சரி போ என்பேன். அதற்கு மேல் மருமகள் மாமியாரிடம் என்னதான் சொல்லுவாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. குளியலறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நைட்டியெல்லாம் வாந்தி, உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிசாக என்னைப் பார்க்கிறது. அப்போதும் பழக்கதோஷத்தைப் பார், தூக்கி நிறுத்தி வேறு நைட்டி மாற்றிவிட்டு, கழற்றியதை வாளியில் போடப் போனேன். அதில் மறுபடியும் சாக்பீஸ், இந்தத் தடவை விலா எலும்புக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டுத் துணியே வெளுத்துக் கிடந்தது. இதையும் ஊற வச்சிடறேன், நீ நட என்றேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகச் சுட்டது. துவைக்காதீங்க அத்தை, அது சாக்பீஸ் இல்ல, வலி என்றாள்.

நைட்டியை வாளியில் போடாமல் அப்படியே நாற்காலியில் விரித்துப் போட்டேன். சட்டை எங்கே பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தில் உடனே ஒரு குறி போட்டுக்கொள்வது அவர்கள் தொழிலில் வழக்கமாம். வலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, டாக்டர் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று அதே மாதிரி தன் மேல் போட்டிருக்கிறாள். நான் மாங்கு மாங்கென்று துவைத்திருக்கிறேன்.

வாடகை வண்டி பிடித்து, அப்பாவுக்குப் போன் போட்டு, எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கே தெரியாது. டாக்டர் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டபோது அவளால் வாய் திறக்க முடியவில்லை. நான் சொன்னேன். முதல்ல இங்க, அப்புறம் இங்க, இப்ப இங்க என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். துவைத்த கறை எந்தத் துணியில் எந்த இடத்தில் இருந்தது என்பது எனக்கு மறக்காது, அந்த ஒரு உபகாரம்தான் அன்றைக்கு என்னால் ஆனது. டாக்டர் அதிசயப்படவெல்லாம் இல்லை, தலையை ஆட்டிக்கொண்டே ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அப்புறம் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். குடல்வால் வீங்கியிருக்கு, பிள்ளை வளர வளர அதை மேல தள்ளிடுச்சு, அதான் வலி விலாகிட்ட, வெடிச்சிட்டா தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, இப்பவே எடுக்கணும் என்றார். அப்பா, அப்போ பிள்ளையையும் எடுத்துடுவீங்களா என்று கேட்டார். பிள்ளை அது பாட்டுக்கு உள்ளயே இருக்கட்டும், அதுக்கு இன்னும் நாள் இருக்கு என்றார் டாக்டர். வயிற்றைத் திறந்து, ஒன்றை எடுத்துவிட்டு, இன்னொன்றை அங்கேயே விட்டுத் தைத்துவிடுவார்களாம். இப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா வாய்க்கு வாய் கேலி பேசுகிற மனுஷன், சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டு போகும்போது அவள் என்னைக் குனியச் சொல்லி, அவருக்கு இப்ப சொல்லாதீங்க அத்தை, நடுக்கடல்ல என்ன பண்ணுவாரு என்றாள். அதனால்தான் உனக்குத் தாமதமாகத் தெரிந்தது, கோபித்துக்கொள்ளாதே.

முடித்து வெளியே வந்த டாக்டர், வெடிக்கல, ஆனா இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கண் விழித்ததும் அவளும் குழந்தையைத்தான் கேட்டாள். நர்ஸ் பெல்ட்டைக் கட்டித் துடிப்பைக் கேட்க வைத்துவிட்டுப் போனார். அப்புறம் நான் அவள் தலையைத் தடவி, நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். அவ்வளவு வலியிலும் அழாதவள், அதற்கு விசும்பி விசும்பி அழுதாள். தையல் பிரிந்துவிடும், அழாதே என்று சொல்லி நானும் அழுதேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். மெல்ல நடக்கிறாள், இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். நேற்று கஞ்சி வேண்டாம், காரமாக ஏதாவது கொடுங்கள் என்று சண்டை போட்டாள், எனக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. முதலாளி வீட்டைக் காலி பண்ணாம பக்கத்து ரூம்காரனைக் காலி பண்ணிட்டாரு என்று அப்பாவும் பழையபடி ஆரம்பித்துவிட்டார். நான் லாண்டரிக்குப் போவதில்லை, பிரசவம் ஆகும் வரைக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயம் முழுசாகப் போகவில்லை, அவள் முகம் கொஞ்சம் சுளித்தால் எழுந்து ஓடுகிறேன். நீ அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு வராதே, லீவு எப்போது என்று கேட்டு வை. குளிர்காற்றில் தலையை மூடிக்கொள். உனக்கு வயிறு வலித்தால் வாயுவாக இருக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பா போனில் விஷயத்தைச் சொன்னதும் நீ முதலில் கேட்டது பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே என்றுதான். போனிலிருந்து எனக்கே கேட்டது, கட்டிலில் இருந்த அவளுக்கும் கேட்டிருக்கும். உன்னைத் திட்டவில்லை கண்ணா, நாம் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஆனால் அடுத்த தடவை பேசும்போது அவளை முதலில் கேள். அவளைக் கேட்டுவிட்டு, அவள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் முதலாளியை விசாரி.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். போன இடத்தில் நல்ல பேர் எடுத்து, போன மாதிரியே திரும்பி வா. அந்த மூன்றாவது நைட்டியை வாந்தி பட்ட இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, குறி கலையாமல் நடுவில் காகிதம் வைத்து மடித்து, உன் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் நான் துவைக்காமல் விட்ட ஒரே துணி அதுதான். நீ வந்து பார்த்துவிட்டு, உன் கையாலேயே துவை.

இப்படிக்கு,
உன் அம்மா