கல்லுக்கு மட்டும்

பாய்,

நேற்று உங்கள் மகன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தான். "அத்தா இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லி வச்சிருந்தாங்க மாமா" என்றான். பிரித்தேன். உங்கள் கடையில் இருந்த வெள்ளைப் பீங்கான் உரல். மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்தத் திராவக நெடி இன்னும் போகவில்லை.

தவளக்குப்பத்தில் என் மனையில் கிணறு வெட்டியபோது அந்தக் கல் கிடைத்தது. பூசணிக்காய் அளவு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், மாங்காய் அளவுதான். மேலெல்லாம் மஞ்சள் மினுக்கு. மூன்றாம் வகுப்புவரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், எனக்குத் தெரியாத கல்லா? அன்றைக்கே தங்கம் என்று அறிவித்துவிட்டேன். பாரீசிலிருந்து ஆள் வருகிறது என்றும் சொன்னதாக ஞாபகம். கேட்டவர்களில் நம்பியவன் ஒருவன்தான், என் தங்கை மகன். மூன்று வருடம் அலைந்து நம்மூர்க் கதிர்காமத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "டெஸ்ட்டுல தங்கம்னு வந்தா ஒரு போன் போடுங்க மாமா, வேலைய வுட்டுட்டு வந்துடறேன்" என்று ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

நகைகளைச் சோதித்துச் சொல்லும் உங்கள் சின்னக் கடைக்கு நான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடிவந்தேன். நீங்கள் ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள்.

"குந்து முசியே," என்றீர்கள், என் பிரெஞ்சுப் படிப்பைக் கிண்டல் பண்ணி. "தொழுதுட்டு வந்து பாக்கறேன். ஒண்ணத்தையும் தொடாத."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூலையில் கிடந்த இரும்பு உரலில் கல்லில் பாதியை உடைத்துப் போட்டு இடித்துவிட்டேன். நீங்கள் திரும்பியபோது பொடி தாளில் தயார். எதில் இடித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொடியைத் தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகத்தில் காய்ச்சினீர்கள். புகை கிளம்ப, ஜன்னலைத் திறந்தீர்கள். ஆறித் தெளிந்ததும் ஒரு சொட்டை வெள்ளை ஓட்டின் மேல் விட்டீர்கள். "இப்ப இதும்மேல வெள்ளீயக் கரைசல் ஒரு சொட்டு. தங்கம் இருந்தா கத்தரிப்பூ கலர் வரும். திராவகத்துக்கு உன்ன மாதிரி கதை வுடத் தெரியாது."

கத்தரிப்பூ நிறம் வந்தது பாய்.

நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் தெருவில் நின்று தங்கை மகனுக்குப் போன் போட்டுவிட்டேன். உள்ளே வந்தால், இரும்பு உரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இதுலயா இடிச்ச?"

"ஆமா."

"நகைப் பட்டறையில கூட்டி வர்ற குப்பைய இதுலதான்யா இடிக்கறேன், தங்கத்தூள் பிரிக்க. கலர் காட்டுனது உங் கல்லு இல்ல, எங் குப்பை. மொதல்ல பையன புடி."

அவன் போன் அணைந்துவிட்டிருந்தது. என் ஸ்கூட்டரில் கதிர்காமம் போனோம். தொண்ணூறில் பறந்தேன் என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். முப்பதுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பானோ, என் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சிக்னலுக்குச் சிக்னல் வேர்த்தது. பின்னால் நீங்கள் என் தோளைப் பிடித்தபடி இருந்தீர்கள், ஒரு வார்த்தை திட்டவில்லை.

மேனேஜர் அறை வாசலில் கடிதத்தோடு நின்றிருந்தான். நீங்கள்தான் பேசினீர்கள்.

"தம்பி, தப்பு எம்மேல. உரல கழுவாம குடுத்துட்டேன். லெட்டர உள்ள வை, நாளைக்கு மறுபடி பாப்போம்."

மறுநாள் மிச்சக் கல்லைப் பார்த்தோம். ஓடு வெள்ளையாகவே இருந்தது. தங்கை மகன் இன்றும் அதே வேலையில் இருக்கிறான்.

அதன்பிறகு அது 'பாயின் கழுவாத உரல்' கதையாகிவிட்டது. நன்றாகச் சொன்னவன் நான்தான். உரலில் ஒட்டடை, பல்லிமுட்டை என்று வருடத்துக்கு ஒன்று சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சிரித்தீர்கள். ஒரு நாளும் மறுத்ததில்லை.

முந்தாநாள் நீங்கள் காலமான நாற்பதாம் நாளில், சாப்பாட்டுப் பந்தியில் தங்கை மகன் அதே கதையை எடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். "அப்புறம் எத நம்பி அந்தக் கடைக்கு நகைய எடுத்துட்டுப் போறது?" என்றார் ஒருவர், விளையாட்டாகத்தான். இப்போது அந்தக் கடையில் உட்காருவது உங்கள் மகன். பரிமாறிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மறுநாள் இந்தப் பை வருகிறது.

இன்று காலை தங்கை மகனை உங்கள் கடைக்கு வரச் சொன்னேன். உங்கள் மகன் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டடை இல்லாமல், பல்லிமுட்டை இல்லாமல்.

"பாயக் காப்பாத்த புதுசா ஒரு கதையா மாமா?" என்று சிரித்தான். உங்கள் மகனும் தலை நிமிரவில்லை. இத்தனை வருடம் பேசிய பேச்செல்லாம் வந்து என் வாயைப் பொத்துவது போல இருந்தது.

பையைப் பிரித்து உரலை மேசையில் வைத்தேன். விளிம்பைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் உங்கள் கையெழுத்து: கல்லுக்கு மட்டும். தங்கை மகன் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.

"இது அன்னிக்கே இருந்துச்சா?"

"இந்த மேசை மேலதான் இருந்துச்சு."

"நீங்க பாக்கலயா?"

"பாத்தேன். எங் கல்லுக்கு இந்தச் சின்னக் கிண்ணம் பத்தாதுன்னு நெனச்சேன்."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. முந்தாநாள் கேலி பேசியவரின் பெயரைச் சொல்லி, "அவருகிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்று எழுந்தான். உங்கள் மகன் உரலைத் துடைத்து, பையில் வைத்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

எதற்காக எனக்கென்று வைத்தீர்கள், சொல்லிவிடு என்றா, இல்லை சும்மா சீண்டவா, தெரியவில்லை. இனி யாரைக் கேட்பது? காலடியில் வைத்து, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஸ்கூட்டரை ஓட்டிவந்தேன். முப்பதுதான் பாய். யார் கேட்டாலும் முப்பது என்றுதான் சொல்வேன்.