அண்ணி காலியாக விட்ட அத்தியாயம்

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போன என் ஆசை அண்ணிக்கு,

நேற்றுப் பகல் தூக்கத்தில் பாலாற்று மணலில் நீங்கள் எனக்கு முன்னால் நடந்து போனீர்கள். செருப்பைக் கையில் பிடித்திருந்தீர்கள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை. செத்த பிறகும் இவ்வளவு வேகம் வேண்டுமா, அண்ணி?

உங்கள் ஆராய்ச்சி புத்தகமாக வரப்போகிறது. அண்ணன்தான் வேலூருக்கும் ஆம்பூருக்குமாக அலைகிறார். நான் ஒருநாள் போனபோது அச்சகக்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இன்னாம்மா, 'நாற்பதுக்கு அப்புறம்'னு தலைப்பு மட்டும் இருக்குது. உள்ள ஒண்ணும் இல்லியே, எடுத்துடலாமா?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதுதான் மனசைப் போட்டுக் குடைகிறது.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் மனோதத்துவம் மட்டும் படித்தவர். நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மை கொட்டி மடித்துப் பிரித்த அட்டைகளோடு கம்பெனிக்கு வந்தீர்கள். "இதுல என்ன தெரியுதுன்னு மனசுல தோணுறதைச் சொல்லுங்க." பட்டாம்பூச்சி என்பார்கள், பேய் என்பார்கள் என்று பேனாவோடு காத்திருந்தீர்கள்.

தோலைத் தரம் பார்க்கிற ஷமீம் அக்கா அட்டையை வெளிச்சத்தில் சாய்த்தாள், விரலால் தடவினாள். "கழுத்துப் பக்கம் கீறல் ஜாஸ்தி. வயித்துப் பக்கம் சொங்கி, தொளதொளன்னு கீது. செகண்ட்ஸ்ல போடு" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அதே மாதிரி தரம் பிரித்தார்கள். விரித்துப்போட்ட தோலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கும், அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? நீங்கள் சிரித்த சிரிப்பில் என் டிபன் பாக்ஸ் கவிழ்ந்தது.

அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு வெறுமனே பேச்சுக் கொடுத்தீர்கள். வயதைக் கேட்டால் ஒருத்தியும் எண் சொல்லவில்லை. "நூல் வெட்ட வந்த வயசுல அப்பா போய்ட்டாரு" என்றாள் ஒருத்தி. "பசை தடவுற வயசுல கல்யாணம்" என்றாள் இன்னொருத்தி.

அன்று சாயங்காலம் மணலில் நடக்கும்போதுதான் அந்தப் பழைய உலாப் பாட்டுகளைப் பற்றிச் சொன்னீர்கள். ராஜா யானைமேல் தெருவில் வருவான். பெண்கள் வாசலில் நின்று பார்த்து உருகுவார்கள். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண் வரைக்கும் ஏழு பருவம்.

"ஆம்பளை போட்ட கணக்கு, சரோ. நாப்பதோட நிறுத்திட்டான். அதுக்கு மேல ஒருத்திகூட இல்ல. அவங்கள்லாம் எங்க போனாங்க?"

"கம்பெனியிலயும் அப்டித்தான் அண்ணி. ஊசிக் கண்ணு தெரியலைன்னா மிஷின்லேர்ந்து எழுப்பி வூட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றேன்.

நீங்கள் நின்றுவிட்டீர்கள். காற்றில் தோல் நாற்றமும் எங்கேயோ பூத்த வேப்பம்பூ வாசனையும் கலந்து வந்தன. அந்த இடத்திலிருந்து உங்கள் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பியது. காட்பாடி ரயிலில் பழம்பாட்டுப் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்களோடு பேச்சு.

மனோதத்துவத்துக்காரர்கள் இது தமிழ் என்றார்கள். தமிழ்க்காரர்கள் இது மனோதத்துவம் என்றார்கள். பெண்களை ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. பேஜாராகி வீட்டுக்கு வந்து என்னிடம்தான் பொரிந்து தள்ளுவீர்கள். "மனசு, பாட்டு, பொழப்பு, மூணும் ஒரே பொம்பளையைப் பத்தினதுதானே? அவளை வெட்டி மூணு ரூம்லயா உக்கார வைக்க முடியும்?"

எல்லாம் எழுதி முடித்தீர்கள், அந்த ஒன்றைத் தவிர. "எனக்கு நாப்பது வரட்டும், நானே பாத்துட்டு எழுதுறேன்" என்றீர்கள். முப்பத்தொன்பதில் மஞ்சள் காமாலை வந்தது. எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை, அண்ணி.

போன மாதம், நாற்பதைத் தாண்டிவிட்ட என்னையும் மிஷினிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியான வெயிலில் பஜார் வழியாக வந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் சுருக்கென்றது. அப்புறம் நான் பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் குனிந்தே போன தெரு. பிரியாணி அண்டாவை, பூக்கட்டும் விரல்களை, குடியாத்தத்து லுங்கிகளைச் சைக்கிளில் அடுக்கி வந்தவரை, நின்று நின்று பார்த்தேன். உடம்பில் பாரமே இல்லை.

எதிரில் ஷமீம் அக்கா வந்தாள். "இன்னா சரோஜா, எங்க?"

"சும்மாதான்க்கா."

"நானும் சும்மாதான். வா, போலாம்."

நாங்கள் எங்கேயும் போய்விடவில்லை, அண்ணி. வாசலை விட்டு இறங்கித் தெருவில் நடந்துகொண்டிருக்கிறோம். இதை உங்களிடம் சொல்ல ஓடி வந்தால், வீட்டில் நீங்கள் இல்லை.

நாளைக்கு அச்சகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். நான் எழுதித் தருகிறேன். எனக்கு உங்கள் மாதிரி எழுத வராது, ஆனாலும் நீங்கள் பார்க்காமல் போனதை ஒன்று விடாமல் எழுதுவேன். முடித்ததும் அதே மணலில் உட்கார்ந்து முதலில் உங்களுக்குத்தான் படிப்பேன். அன்றைக்காவது கொஞ்சம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களைவிட மூத்தவளாகிவிட்ட
உங்கள் சின்ன நாத்தனார்,
சரோஜா