அப்பா வைத்த கண்காட்சி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் கலைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "கிறுக்கல் பார்க்க பஸ் ஏறணுமா?" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

ஓர் அறைக்குள் குத்துவிளக்கு ஒன்றை ஏற்றிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இவர் பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். திரும்பி வந்தால், செருப்பைச் சுற்றிக் கூட்டம்! ஒரு பெண் குனிந்து போட்டோ எடுக்கிறாள்.

"ரொம்ப டீப்பா இருக்குலா, அங்கிள். யார் செஞ்சது?"

"நான்தாம்மா."

வீடு வரும்வரை சிரித்தார். நீ ஓவியம் படிக்கப் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கோணலாக விட்டு, தள்ளி நின்று பார்க்கிறார். இன்று காலை, நீ விட்டுப்போன செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இப்பதான் முழுசா இருக்கு" என்றார்.

உன்
அம்மா