ஒரே பிரேமில் நாம் இருவர்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கிருந்தாலும் ஒரு "ம்" சொல்லுங்கள், போதும்.

தேரடி வீதிக் கடை நன்றாக ஓடுகிறது. கார்த்திகை நெருங்குவதால் அண்ணாமலையார் படங்களுக்குப் பிரேம் போட்டு மாளவில்லை என்கிறார் உங்கள் தம்பி. ஊருக்கெல்லாம் பிரேம் போட்ட உங்களுக்குத்தான் இன்னும் பிரேம் இல்லை. நம் பெண் கவிதா கல்யாணத்தில் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தீர்களே, அந்தப் படம் ஸ்டுடியோ கவரிலேயே பீரோவில் கிடந்தது. பிரேமுக்குள் போனால் பொட்டு வைப்பார்கள், மாலை போடுவார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தம்பி கேட்கும்போதெல்லாம், "கோல்டா, கறுப்பானு இன்னும் முடிவு பண்ணல தம்பி" என்று சமாளித்தேன். எனக்கு அகலமான தங்க நிறம், உங்களுக்கு ஒல்லிக் கறுப்பு. நம் பழைய சண்டை நல்ல நேரத்தில் கைகொடுத்தது.

போன மாதம் கவிதா தான் வேலை பார்க்கும் இத்தாலிக்கு என்னை அழைத்துப்போனாள். பிளாரன்ஸில் பழைய ஓவியங்களுக்கென்றே ஒரு பெரிய மியூசியம். ஓர் அறையில் மாதா, மடியில் குழந்தை, பின்னால் முழுக்கத் தங்கம். குனிந்து பார்த்தால் வெறுங்காலோடு நிற்கிறேன்! காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தாள்.

"ம்மா, செருப்ப மாட்டு. இது கோயில் இல்ல" என்றாள் கவிதா.

"சாமி இருக்குதுல்ல?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை.

நான் படம் பார்த்ததைவிடப் பிரேம் பார்த்ததுதான் ஜாஸ்தி. பெரும்பாலும் சாண் அகலம், தங்க நிறம். யார் சொன்னது சரி, இப்போது சொல்லுங்கள்?

இன்னோர் அறையில் ஒரே பிரேமில் ஒரு பிரபுவும் அவர் மனைவியும். அவருக்கு உடைந்த மூக்கு, சிவப்புத் தொப்பி. அந்தம்மாவுக்கு வெளுத்த முகம். எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள்.

"அந்தம்மா செத்ததுக்கப்புறம் வரைஞ்சதுனு சொல்றாங்கம்மா."

"அவரு?"

"உயிரோடதான் இருந்தாராம்."

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். இருப்பவரையும் போனவரையும் ஒரே பிரேமில் போட்டால் ஆகாது என்று நீங்களே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? இங்கே பொட்டில்லை, மாலையில்லை. போனவர் யார் என்று சொன்னால்தான் தெரியும். அழுகை வரவில்லை, நிம்மதியாக இருந்தது.

ஊர் திரும்பியதும் நானும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உங்களையும் கவரிலிருந்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன்.

"ஆகாதுனு சொல்வாங்களே அண்ணி?"

"சொல்லட்டும். ரெண்டு பேரும் பாத்துக்கிற மாதிரி போடுங்க."

மாலை போட யாரையும் விடமாட்டேன், இது சத்தியம். பிரேம் தங்க நிறம்தான், நாலு விரல் அகலம். பிடிக்கவில்லையென்றால் எதிரிலேயேதான் இருக்கிறேன், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்றும் உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா