நடுவிலேயே நின்ற ஊசி

என் ஆசை மாமாவுக்கு,

உயிரோடு இருந்தபோது நான் சொன்ன எதையும் நீ காதில் போட்டுக்கொண்டதில்லை. கட்டிய பெண்டாட்டி பேச ஆரம்பித்தாலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். இப்போது போக உனக்கு வேறு இடம் இல்லை. முழுதாகக் கேள்.

உன் பிக்கப் வண்டியை நான் விற்கவில்லை. உன் அண்ணன் ஆள் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார், கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டவும் நீதான் கற்றுக்கொடுத்தாய். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் பெட்டிகளை ஏற்றி, பாதியை நொச்சிக்குப்பத்தில் இறக்கி, மீதியைச் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன். சீட்டில் உன் முதுகு அழுந்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. அதில் சாய்ந்தால் எனக்கு பிரேக் எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறேன். சிரிக்காதே.

எனக்கும் நம் பெண் ரேவதிக்கும் சோறு போடுவது அந்த வண்டிதான். உன் வாசனை மிச்சமிருப்பதும் அதில்தான். அதன் எஞ்சின் போய்விட்டால் உன்னை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

போன மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. வண்டி சூடானதும் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போது கேட்கும், கிளம்பினால் அடங்கிவிடும். நீ செய்வதையே நானும் செய்தேன். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்தேன், ஊசி நடுவில் நின்றது. காலையில் வண்டியை எடுத்ததும் அதைத்தானே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய்? ஆயுத பூஜைக்கு எல்லோரும் ஸ்டீயரிங்குக்குக் குங்குமம் வைத்தால், நீ அந்த மீட்டர் கண்ணாடிக்கும் சேர்த்து வைப்பாய். "ஊசி நடுவுல கீதா? அப்போ எஞ்சின் கல்லு மாரி கீதுடி" என்பாய். நானும் அதை நம்பி ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் அதிகமானதும் மந்தைவெளியில் நம் மெக்கானிக் கரீம் பாய் ஷெட்டுக்குப் போனேன்.

"ஊசி நடுவுலதான் பாய் கீது" என்றேன்.

"அது எப்பவும் அங்கதாம்மா கீது. வண்டி வாங்குன நாள்லேர்ந்து எஞ்சின் ஓடும்போது அது நவுந்து பாத்துகிறியா நீ?"

யோசித்தேன். பார்த்ததே இல்லை.

பாய் விளக்கிச் சொன்னார். இந்த வண்டியில் கம்பெனியிலிருந்து வரும்போதே அது அப்படித்தானாம். எஞ்சினில் இருப்பது வெறும் சுவிட்ச். ஆயில் பிரஷர் துளி இருந்தாலே ஊசியைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிடும். அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது, நாளுக்கு நாள் குறைகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடியோடு போனால்தான் ஊசி விழும். "வுயுந்தப்புறம் பாத்து இன்னா பிரயோஜனம், சொல்லு" என்றார்.

நான் அங்கேயே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். வண்டி மறந்துபோயிற்று, மாமா. உன் முகம்தான் கண்ணெதிரே வந்தது. பெட்டியைத் தூக்கியதும் நெஞ்சில் கையை வைத்து நிற்பாய். என்ன என்று கேட்டால் அதே சிரிப்பு. "கேஸுடி, ஒரு சோடா குட்சா சரியாப்பூடும்." நம் குப்பத்தில் யாருக்கு நெஞ்சை அடைத்தாலும் வாயு என்றுதானே சொல்கிறோம்? குடித்து ஏப்பம் விட்டு, "பாத்தியா" என்பாய். நானும் நிம்மதியாகிவிடுவேன்.

நீ போன அன்று, சைதாப்பேட்டையில் இரண்டு பேருமாகக் கடைசிப் பெட்டியை இறக்கியதும் நீ வண்டியில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாய். வேர்த்துக் கொட்டியது. சோடா வாங்கத்தான் ஓடினேன். திரும்பி வந்தால் ஸ்டீயரிங் மேல் சாய்ந்து கிடந்தாய், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு? யாரிடம் மறைத்தாய், பாவி? என்னிடமா?

பாய் கொஞ்ச நேரம் என்னை அழ விட்டார். பிறகு, "ஆறிப்போன எஞ்சின்ல பாத்தா எல்லாம் நல்லாதான் காட்டும். அடையார் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டினு வா" என்றார். வண்டி நன்றாகக் கொதித்த பிறகு அந்த சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் இரண்டு வாய் உள்ள இணைப்பு ஒன்றை வைத்து, ஒரு வாயில் சுவிட்சையும் இன்னொன்றில் டியூப் வைத்த கை மீட்டரையும் மாட்டினார். ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டதும் கை மீட்டரின் ஊசி சரிந்து, அடிக்குத் துளி மேலே போய்ப் படுத்தது. பக்கத்திலேயே நம் டேஷ்போர்டு ஊசி நடுவில் நிமிர்ந்து நின்றது. எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறதாம், இப்படியே ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகி நின்றிருக்குமாம்.

வண்டி பிழைத்துக்கொண்டது. பேரிங்கெல்லாம் மாற்றினார். சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரஷரை நிஜமாகவே அளக்கிற சென்சார் வைத்து, மீட்டருக்குப் பின்னாலும் ஏதோ மாற்றி, கை மீட்டரும் நம் மீட்டரும் ஒன்றையே காட்டுகிற வரை விடவில்லை. இதற்குக் கீழே போனால் உடனே எஞ்சினை நிறுத்து என்று ஓர் இடத்தைக் காட்டி, அடையாளம் வைக்க ஏதாவது கேட்டார். என் பர்ஸில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. நீ போனபின் எனக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது. ஒரு சிவப்புப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.

இப்போது ஊசி நகர்கிறது, மாமா. காலையில் உயரே நிற்கிறது, சூடாகி சிக்னலில் நின்றால் இறங்குகிறது, அழுத்தினால் ஏறுகிறது. முதல் சில நாள் ஒவ்வொரு இறக்கத்துக்கும் எனக்கு உயிரே போய் வந்தது. மார்க்கெட்டில் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊசி ஆடிகினே கீது, மீட்டர் பூட்ச்சா?" என்றான். "இப்பதான்டா வேலையே செய்து" என்றேன்.

நேற்று சாப்பிடும்போது ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, நெஞ்சைத் தேச்சுகினே கீற?"

ஒண்ணுமில்லடி என்று வாய் வரைக்கும் வந்தது. உன் குரலிலேயே வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வலிக்குதுடி."

"எப்பலேர்ந்து?"

"உங்கப்பன் போனதுலேர்ந்து."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உன் காரியத்தன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழவில்லை. நேற்று அழுதோம். நாளைக்கு என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள்.

அவர் என்ன சொன்னாலும் அதை அப்படியே அவளிடம் சொல்வேன். மாத்திரை கொடுத்தால் விழுங்குவேன். உன்னிடம் வர எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்பட மாட்டேன், மாமா. அவளுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

உன் பெண்டாட்டி,
ரேவதியின் அம்மா,
செல்வி