சேர்வராயனுக்கு ஒரு ஹாலிடே

1978 மே 9, செவ்.

காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். காப்பித் தோட்டத்தில் நிழல் மரக் கவாத்து ஆரம்பம், கிளை வெட்டுகிறார்கள். ஜீப் மறுபடி மக்கர்.

குப்பனூரிலிருந்து ஆள் வந்து போனார். 22ஆம் தேதி, திங்கட்கிழமை, பெண் பார்க்க வரலாமாம். பெண் பெயர் சரசு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஏற்கெனவே இரண்டு தடவை லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்டாயிற்று. இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் பெண்ணின் அப்பா அங்கமுத்து சொல்லி அனுப்பியிருக்கிறார். நியாயம்தான். முப்பத்தாறு வயது எஸ்டேட் ரைட்டருக்காக எவள் காத்திருப்பாள்?

மாலை துரையிடம் லீவு கேட்டேன். புது துரை. பம்பாய்க்காரர். தெரிந்த தமிழ் 'வா', 'போ'. மழைக்கு முன் கவாத்து முடிய வேண்டும், ரைட்டர் போய்விட்டால் ஆள்கணக்கு யார் எடுப்பது என்றார். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. பெண் பார்க்க என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கழுதை வயசில் வெட்கம்.

மே 11, வியா.

மேஸ்திரி சடையன் ஆபீசுக்கு வந்தார். அதே 22ஆம் தேதி சேர்வராயன் கோயில் திருவிழா. எல்லாருக்கும் லீவு வேண்டுமாம். பழைய துரை காலத்தில் கேட்கவே வேண்டியதில்லை. இவர் பட்டியலில் இல்லாத நாளுக்கு லீவு இல்லை என்கிறார்.

"குடுத்தாலும் போவோம், குடுக்காட்டியும் போவோமுங்க. குடுத்துட்டா சண்டை இல்லீங்க."

எஸ்டேட்டையே மூடிவிட்டால் ஆள்கணக்கு ஏது? ஆள்கணக்கு இல்லையென்றால் ரைட்டருக்கு என்ன வேலை? சட்டென்று எனக்குச் சேர்வராயன் மேல் பக்தி பொங்கிவிட்டது. துரையிடம் நானே பேசுகிறேன் என்றேன். சடையன் கையெடுத்துக் கும்பிட்டார். கூச்சமாக இருந்தது.

கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வாங்க வேண்டும்.

மே 12, வெள்.

ஆபீஸ் அலமாரியில் வெள்ளைக்காரர் காலத்து அகராதி ஒன்று. மத்தியானம் 'ஹாலிடே' பார்த்தேன். தும்மல் நிற்க அரைமணி.

நல்ல சங்கதி. ஆதியில் அது ஹோலி டே. புனித நாள். சாமிக்கு உரிய நாள், அதனால் வேலை இல்லை. போகப் போக சாமி கழன்றுகொண்டார், வேலை இல்லாதது மட்டும் மிஞ்சிவிட்டது. அப்புறம் ஊர் சுற்றுவதற்கும் அதே பெயர். ஏரியில் படகு ஓட்ட வரும் சேலத்துக்காரர்கள் எல்லாம் இந்த வகை.

கப்பல்காரர்கள் இன்னொன்றைச் சொல்வார்களாம். பெயிண்ட் அடிக்கும்போது பிரஷ் படாமல் விட்டுப்போன இடத்துக்கும் ஹாலிடே. அண்ணனுக்கு ஆயிற்று, அக்காவுக்கு ஆயிற்று, தம்பிக்கு இரண்டு பிள்ளை. நடுவில் நான். கப்பல்காரன் கணக்குப்படி நானே ஒரு ஹாலிடேதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "அதெல்லாம் கெடக்கட்டும் சாமி, முடி வெட்டிக்கிட்டு வா" என்றாள்.

மே 13, சனி

துரையிடம் பேசினேன். உங்கள் இங்கிலீஷிலேயே இப்படித்தான் இருக்கிறது, சாமி இல்லாத ஹாலிடே காப்பித்தூளே போடாத சிக்கரிக் காப்பி என்றேன். என் இங்கிலீஷ் இன்று நன்றாக ஓடியது. அகராதியை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்றார். 22ஆம் தேதி லீவு!

வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார்.

சொல்லுக்கு என்ன அர்த்தமோ அப்படியே நடக்க வேண்டுமாம். புனித நாளில் படுத்துத் தூங்கக் கூடாது, சீட்டாடக் கூடாது, எல்லாரும் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கேயே ஆள்கணக்கு. தானும் வருவாராம். எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. யார்? நான்தான். காலை ஆறு மணிக்கு ஜீப்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

மே 16, செவ்.

தூறல். வேறு நாள் கேட்டு டிரைவர் மணியைக் குப்பனூருக்கு அனுப்பினேன். பதில் கொண்டுவந்தான்.

"'மாப்ளைக்கு எப்ப ஒழியுதோ அப்ப வரட்டும், எங்க புள்ள ஒண்ணும் இங்க தவிச்சுக்கிட்டு இல்லை'ன்னாருங்க. மோரு குடுத்தாங்க. நல்ல மோருங்க."

மோர் மட்டும்தான் நல்ல சேதி.

உள்ளதைத் துரையிடம் சொன்னால் என்ன என்று அம்மா கேட்டாள். எரிந்து விழுந்தேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நானும் சாப்பிடவில்லை. அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

மே 20, சனி

வாங்கியது: தேங்காய், கற்பூரம், ஊதுவத்தி, துரைக்கு வேட்டி. வேட்டிக்கு பெல்ட் கிடைக்கவில்லை (சேலத்தில் துரை அளவு இல்லை).

எஸ்டேட் முழுக்க முணுமுணுப்பு. சாமி கும்பிடப் போனதுக்கும் ஆள்கணக்கா என்று. சடையன் என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார்.

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று பங்களாவுக்குப் போனேன். துரை கண்ணாடி முன் நின்று கும்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியோடு போனால் சாமி கோபிக்குமா என்று கேட்டார். கோபிக்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 22, திங்.

நல்ல வெயில், நல்ல கூட்டம். அம்மா வரவில்லை, கோபம்.

கோயில் குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். துரை ஆறடி. குனிந்ததும் வேட்டி நழுவியது. பின்னால் நான், ஒரு கையில் தேங்காய்த் தட்டு, மறு கையில் துரையின் வேட்டி. அந்த நிலையிலும் சந்தேகம் கேட்கிறார், நான் விளக்குகிறேன். வெளியே வந்தும் அவர் 'ரைட்டர், ரைட்டர்' என்று கத்துவதை நிறுத்தவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெரியவர் ஒருவர் கிட்டே வந்தார். கூட ஒரு அம்மாள். பச்சைச் சேலையில் ஒரு பெண், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏனுங்க, எஸ்டேட் ரைட்டர் நீங்கதானுங்களா? நான் குப்பனூர் அங்கமுத்துங்க."

தேங்காய்த் தட்டோடு கும்பிடு போட்டேன்.

"லீவு இல்லை, தொரையோட கோயிலுக்குப் போவோணும்னு டிரைவர் சொன்னது சாக்கோன்னு நெனச்சு, நேர்லயே பாத்துரலாம்னு வந்தோமுங்க. நெசமாத்தான் நொம்ப மாட்டிக்கிட்டு நிக்கறீங்க."

துரை யார் இவர்கள் என்றார். சொல்லிவிட்டேன். தள்ளிப்போன இரண்டு தடவை, இந்தத் தடவை, அகராதி பார்த்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். துரை வேட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கல்யாணத்துக்காச்சும் இவிங்களுக்கு லீவு உடுவாங்களான்னு அந்தத் தொரைகிட்டக் கேளுங்கம்மா."

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். வழக்கம்போல மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். பாதி சொல்லும்போதுதான் அவள் சொன்னது எனக்கே விளங்கியது. மிச்சப் பாதி இங்கிலீஷில் வரவில்லை. தமிழிலும் வரவில்லை.